ஒரு கண்மணி பெரிசு, ஒரு கண்மணி சிறிசு... எப்போது பயப்படணும்?

தை பிறந்துவிட்டால் பெரம்பலூர் மாவட்டத்து மக்காச்சோளக் காடுகள் காய்ந்து சலசலக்க ஆரம்பித்துவிடும். வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் பக்கமெல்லாம் கதிர் ஒடிப்பது, அடிப்பது, சாலையோரத்தில் கொட்டிக் காயவைப்பது என்று ஊரே தூசியில் நிற்கும். பருத்திக் காட்டில் பஞ்சு எடுக்கும் வேலையும் பக்கத்திலேயே நடக்கும். அப்படி ஒரு நாள் வேலை முடிந்து வீடு திரும்பி முகம் கழுவிவிட்டு உட்காரும்போது, பிள்ளை உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, உனக்கு ஒரு கண்ணு மட்டும் என்னவோ மாதிரி இருக்கு, உள்ள இருக்கிற கறுப்பு பெரிசா தெரியுது" என்று சொன்னால்?

கண்ணாடியைப் பார்த்தால் உண்மைதான். ஒரு கண்ணில் கண்மணி மிளகு அளவு, இன்னொன்றில் சுண்டைக்காய் அளவு. அக்கம்பக்கத்தில் ஒருவர் கண் திருஷ்டி என்பார். இன்னொருவர் பக்கவாதம் வரப்போகிறது என்பார். செல்போனில் தேடிய மகன், மூளையில் கட்டி என்று படித்துவிட்டு முகம் வெளுத்துப் போவான். இதில் எதுவும் இல்லாமல், வரப்பில் முளைத்துக் கிடந்த ஒரு செடி இந்த வேலையைச் செய்திருக்கலாம் என்பது சட்டென்று யாருக்கும் தோன்றாது.

அந்தச் செடி ஊமத்தை. முள்ளு முள்ளாகக் காய்க்கும், புனல் மாதிரிப் பூக்கும், ஆடு மாடு வாய்வைக்காத அதே ஊமத்தை. அதன் இலை, பூ, விதை எல்லாவற்றிலும் அட்ரோப்பின் வகையைச் சேர்ந்த ரசாயனங்கள் இருக்கின்றன. கண் பரிசோதனையின்போது கண்மணியை விரிக்க ஊற்றும் சொட்டு மருந்துகளும் இதே வகையில்தான் வேலை செய்கின்றன. ஊமத்தைச் சாறு பட்ட விரலால் கண்ணைக் கசக்கினாலோ, காய்ந்த செடியின் தூள் கண்ணில் விழுந்தாலோ, அந்தக் கண்ணின் மணி மட்டும் அகலத் திறந்துகொள்ளும். வெளிச்சம் கூசும், கிட்டத்தில் இருப்பது மங்கும். வலி இருக்காது.

மக்காச்சோளத்துக்கும் ஊமத்தைக்கும் உள்ள இந்த உறவு உலகம் முழுக்கத் தெரிந்தது. சோளம் அதிகம் விளையும் அமெரிக்காவில், அறுவடைக் காலத்தில் விவசாயிகள் ஒற்றைக் கண்மணி விரிந்த நிலையில் வருவதை 1960-களிலேயே மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். சோளக்கதிர் பறிப்பவரின் கண்மணி என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். சோளத்தோடு சேர்ந்து காய்ந்த ஊமத்தை, இயந்திரத்தில் அரைபட்டுத் தூசியாகக் கண்ணில் விழுந்ததுதான் காரணம். தமிழகத்தில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் முன்வரிசையில் இருப்பது பெரம்பலூர். ஊமத்தையும் இங்கே தரிசு, வரப்பு, குப்பைமேடு என்று எங்கும் நிற்கிறது. களை எடுப்பவர்களும், சிவன் கோயிலுக்கு ஊமத்தம்பூ பறிப்பவர்களும், புண்ணுக்கு இலையை அரைத்துக் கட்டுபவர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கண்ணைக் கழுவ வேண்டும். பெரும்பாலும் சில நாட்களில் கண்மணி தானாகப் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆனால் 'ஊமத்தைதான்' என்று முடிவு செய்யவேண்டியவர் மருத்துவர்; பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

(ஊமத்தையைத் தின்றுவிட்டால் கதை வேறு. இரண்டு கண்மணிகளும் விரிந்து, வாய் உலர்ந்து, உடம்பு சுட்டு, பிதற்றல் தொடங்கிவிடும். அது உயிருக்கே ஆபத்தான விஷம்.)

அதே காட்டில் இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடக்கும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் கண்மணியை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கிவிடும். உடம்புக்குள் போனால் இரண்டு கண்ணிலும் சுருங்கும். ஒரு கண்ணில் மட்டும் தெறித்தால் அந்த ஒன்று மட்டும் சுருங்கலாம். 2017-ல் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் சிலர் உயிரிழந்தபோது பெரம்பலூர் மாவட்டமே அதிர்ந்தது. மருந்தடித்த பிறகு கண் மங்கி, வாயில் எச்சில் ஊறி, வியர்த்துக் கொட்டி, நெஞ்சை அடைக்கிறது என்றால் கண்ணாடி பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே சட்டையைக் கழற்றி, உடம்பைக் கழுவிவிட்டு, மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே போடும் முறிவு ஊசி அட்ரோப்பின். ஊமத்தையிலும் அதுதானே இருக்கிறது என்று யாராவது வீட்டிலேயே ஊமத்தைச் சாறு கொடுக்கக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். விஷத்தின்மேல் விஷம் ஏறும்.

கண்ணுக்குள் ஒரு பாப்பா

கண்மணி என்பது ஒரு பொருளே அல்ல, ஒரு துவாரம். கருவிழிக்குள் தெரியும் பழுப்பு வளையத்தின் நடுவில் இருக்கும் ஓட்டை. ஒருவர் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் நம் உருவமே குட்டியாகத் தெரியும். அதனால்தான் தமிழில் அதைப் பாவை, பாப்பா என்கிறோம். லத்தீன் மொழியிலும் அதற்குப் பொம்மை, சிறுமி என்று பொருள்படும் சொல்தான்.

அந்த வளையத்தில் இரண்டு தசைகள். ஒன்று துவாரத்தைச் சுருக்கும், இன்னொன்று விரிக்கும். நல்ல வெளிச்சத்தில் கண்மணி சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர். இருட்டில் 4 முதல் 8 மில்லிமீட்டர். சுருக்கும் தசைக்கான கட்டளை மூளையிலிருந்து மூன்றாவது மூளை நரம்பு வழியாக நேராகக் கண்ணுக்கு வருகிறது. விரிக்கும் தசைக்கான கட்டளை சுற்றி வளைத்து வருகிறது. மூளையிலிருந்து கழுத்துத் தண்டுவடத்தில் இறங்கி, நெஞ்சின் மேல்முனை வரை போய், நுரையீரல் உச்சியைத் தொட்டு, கழுத்து ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டு மேலேறிக் கண்ணுக்கு வருகிறது. இந்தப் பாதைகளில் எங்கே இடறினாலும் கண்மணி காட்டிக்கொடுத்துவிடும். கண்ணில் தெரிவதற்கான காரணம் சில நேரம் கழுத்திலோ நெஞ்சிலோ இருப்பது இதனால்தான்.

முதலில் நிம்மதி தரும் செய்தி. ஐந்து பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே இரண்டு கண்மணிகளும் சற்று ஏறுக்குமாறாக இருக்கும். வித்தியாசம் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்குள். பார்வையில் குறை இல்லை, வலி இல்லை, வைத்தியமும் தேவையில்லை. நம்மவர்களின் கருமையான கண்ணில் இது எளிதில் தெரியாது. செல்ஃபி எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கும் காலம் வந்த பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள். இருபது வருடமாக இருந்ததை நேற்று வந்ததாக நினைத்துப் பதறுகிறார்கள்.

அது பழசா புதுசா என்று கண்டுபிடிக்க நரம்பு மருத்துவர்களே கையாளும் ஒரு வழி இருக்கிறது: பழைய போட்டோ. கல்யாண ஆல்பம், காதுகுத்துப் படம், பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ என்று முகம் தெளிவாக விழுந்த எதையும் எடுத்துக் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். அன்றைக்கும் அதே கண் பெரிதாக இருந்தால் பாதிக் கவலை போய்விடும். மருத்துவரிடம் போகும்போது அந்தப் படங்களையும் எடுத்துப் போனால் அவருக்கும் வேலை சுலபம்.

வீட்டிலேயே இன்னும் சில குற்றவாளிகள் உண்டு. மூச்சுத்திணறலுக்கு நெபுலைசர் வைக்கும்போது மாஸ்க் சரியாகப் பொருந்தாமல் புகை ஒரு பக்கமாகக் கசிந்தால், அதில் உள்ள இப்ராட்ரோப்பியம் மருந்து அந்தப் பக்கக் கண்மணியை விரித்துவிடும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும், புகை பிடித்து நுரையீரல் கெட்டுப்போன தாத்தாவுக்கும் இது நடக்கும். கண் முகாமில் சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டு வந்தவருக்குச் சில மணி நேரம் விரிந்திருக்கும். அட்ரோப்பின் சொட்டு என்றால் ஒரு வாரத்துக்கு மேல்கூட நீடிக்கும். கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணில் மணியின் வடிவம் சற்றுக் கோணலாக நின்றுவிடுவதும் உண்டு. கிரிக்கெட் பந்தோ கிட்டிப்புள்ளோ கண்ணில் பட்டால், சுருக்கும் தசை கிழிந்து கண்மணி நிரந்தரமாக விரிந்துவிடலாம். ஆங்கிலப் பாடகர் டேவிட் போவியின் இரண்டு கண்ணும் இரண்டு நிறம் என்று உலகமே நம்பியது. நிறம் ஒன்றுதான். 1962-ல் பள்ளி நண்பன் விட்ட குத்தில் இடது கண்மணி விரிந்தபடி நின்றுவிட்டது, அதனால் அப்படித் தெரிந்தது. அவருக்கு அது அடையாளமாகிவிட்டது. ஆனால் கண்ணில் அடிபட்டால் உள்ளே ரத்தக் கசிவோ விழித்திரைக் கிழிசலோ இருக்கலாம் என்பதால் அன்றே காட்டியாக வேண்டும்.

இளம்பெண்களிடம் கொஞ்சம் கூடுதலாகக் காணப்படும் ஒன்று, ஏடி கண்மணி. ஒரு கண்மணி பெரிதாகி, வெளிச்சத்துக்குச் சோம்பேறித்தனமாகச் சுருங்கும். படிக்கும்போது எழுத்து மங்கலாம். ஆபத்தில்லாதது. ஆனால் அதையும் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

எந்தக் கண் கோளாறான கண்?

பார்த்ததும் எல்லோரும் பெரிய கண்ணைத்தான் சந்தேகப்படுவார்கள். சிறியதும் குற்றவாளியாக இருக்கலாம். பகல் வெளிச்சத்தில் வாசலில் நிற்கவைத்து ஒரு படம், அறைக்குள் மங்கலான வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெளிச்சத்தில் வித்தியாசம் கூடினால், பெரிய கண்மணி சுருங்க மறுக்கிறது என்று அர்த்தம். மங்கலில் கூடினால், சிறியது விரிய மறுக்கிறது. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வித்தியாசம் என்றால் பெரும்பாலும் பிறவிச் சுபாவம். இது மருத்துவரிடம் சொல்வதற்கான தகவல்தான், வீட்டிலேயே தீர்ப்பு எழுதுவதற்கு அல்ல.

நிமிடக் கணக்கு

திருச்சி–சென்னை தேசிய நெடுஞ்சாலை பெரம்பலூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும், அவற்றுக்கு ஓடும் லாரிகளும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்புகள். மரத்திலிருந்து விழுபவர்களும் உண்டு. தலையில் அடிபட இத்தனை வழிகள் இருக்கும் ஊரில், கண்மணி பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுதான்.

மண்டையோட்டுக்குள் ரத்தம் கசிந்து தேங்கினால் அது மூளையை ஒரு பக்கமாகத் தள்ளும். தள்ளப்பட்ட மூளை மூன்றாவது நரம்பை நசுக்கும். கண்மணியைச் சுருக்கும் இழைகள் அந்த நரம்பின் மேல்புறத்தில் ஓடுவதால் அவைதான் முதலில் நசுங்கும். உடனே அந்தப் பக்கக் கண்மணி விரிந்து, டார்ச் அடித்தாலும் அசையாமல் நிற்கும். அவசரப் பிரிவில் மருத்துவர் வந்ததும் வராததுமாகக் கண்ணைத் திறந்து விளக்கடித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. கண்மணி விரிவது முதல் அறிகுறி அல்ல. தாமதமாக வரும் அறிகுறி. "கண்ணு ரெண்டும் சரியாத்தானே இருக்கு" என்று வீட்டில் படுக்கவைத்துக் காத்திருப்பது, ரயில் கிளம்பிய பிறகு டிக்கெட் எடுப்பது மாதிரி. பைக்கிலிருந்து விழுந்தவர் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, டீ குடித்து, நாலு வார்த்தை பேசியிருப்பார். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தலைவலி கூடும், திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பார், பேச்சு குழறும், தூக்கத்தில் ஆழ்ந்தவர் போலத் தட்டினாலும் எழமாட்டார். 'நல்லாத்தான் இருந்தாரு' என்று பிறகு எல்லோரும் சொல்லும் அந்த நல்ல நேரம், மண்டைக்குள் ரத்தம் சேர்ந்துகொண்டிருந்த நேரம். தலையில் அடிபட்டவருக்கு இவற்றில் ஒன்று தெரிந்தாலும், வலிப்பு வந்தாலும், கை கால் தளர்ந்தாலும், காது மூக்கிலிருந்து ரத்தமோ தண்ணீர் போன்ற திரவமோ வந்தாலும், கண்மணியைப் பார்க்காமலே 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை சோடா, காபி எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். கழுத்தை ஆட்டாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பெரம்பலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. மூளை அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் திருச்சி அரசு மருத்துவமனைக்கோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவார்கள். பெரம்பலூரிலிருந்து திருச்சி சுமார் 60 கிலோமீட்டர். வீட்டில் காத்திருந்து வீணாக்கிய ஒவ்வொரு மணியோடும் இந்தப் பயண நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பணத்துக்காகத் தயங்க வேண்டியதில்லை. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தரும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தும். காப்பீட்டு அட்டை தேடி வீட்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

அடிபடாமலே வரும் அவசரமும் உண்டு. திடீரென்று இதுவரை வராத அளவுக்குத் தலைவலி, ஒரு இமை தொங்குகிறது, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது, அந்தக் கண்ணின் மணி விரிந்திருக்கிறது என்றால், மூளை ரத்தக்குழாயில் பலூன் மாதிரி ஒரு வீக்கம் உருவாகி மூன்றாவது நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். வெடிக்குமுன் போய்ச் சேர வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் இதே நரம்பு பழுதாகி இமை தொங்குவதுண்டு. அதில் நரம்பின் உட்பகுதிதான் ரத்தமில்லாமல் வாடுகிறது என்பதால், பெரும்பாலும் கண்மணி தப்பித்துவிடும். ஆனாலும் 'எனக்கு சுகர், அதனாலதான்' என்று சொந்தமாக முடிவு கட்டிக்கொண்டு உட்காரக்கூடாது.

கண்மணி ஒரு பக்கம் சிறுத்து, அதே பக்கம் இமை லேசாக இறங்கி, முகத்தின் அந்தப் பாதியில் வியர்வை குறைந்தால் அதற்கு ஹார்னர் நோய்க்குறி என்று பெயர். 1869-ல் இதை விவரித்த சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவரின் பெயர் அது. நெடுநாள் பீடி, சிகரெட் பிடித்தவருக்குத் தோள்வலி, கைவலியோடு இது வந்தால் நுரையீரல் உச்சியில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கழுத்துவலியோடு திடீரென்று வந்தால், கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். பக்கவாதத்துக்கு முன்னோடி அது. விபத்தில் மட்டுமல்ல, சலூனில் கழுத்தைப் பிடித்துப் 'படக்'கென்று நெட்டி முறிப்பதிலும் அந்தக் கிழிசல் ஏற்பட வாய்ப்பிருக்கிறது. முடி வெட்டியதோடு எழுந்து வந்துவிடுவது உத்தமம். குழந்தைக்கு இப்படி இருந்தால் குழந்தை நல மருத்துவரிடம் தாமதமில்லாமல் காட்ட வேண்டும்.

சிவந்து வலிக்கும் கண்

ஐம்பதைத் தாண்டிய பெண்கள் கவனிக்க வேண்டியது இது. மாலை மங்கும் நேரத்தில் ஒரு கண்ணில் தாங்கமுடியாத வலி, கண் சிவப்பு, பல்பைச் சுற்றி வானவில் மாதிரி வளையம், கூடவே குமட்டல், வாந்தி. கண்மணி பாதி விரிந்த நிலையில் அசையாமல் நிற்கும். கண்ணுக்குள் நீர் வடியும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறிவிட்டது. திடீர் கண்ணழுத்த நோய். வாந்தியைப் பார்த்துப் பித்தம் என்று சுக்குக் கஷாயம் குடித்தும், ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டும் ஒரு ராத்திரியைக் கடத்தினால் அந்தக் கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். உடனே போனால் மருந்தும் லேசர் சிகிச்சையும் காப்பாற்றிவிடும். இதேபோல் சிவந்து வலிக்கும் கண்ணில் மணி சிறுத்துக் கோணலாகத் தெரிந்தால், கண்ணின் உள்ளே அழற்சி இருக்கலாம்.

எந்தக் காரணமாக இருந்தாலும் தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு ஆகியவற்றைக் கண்ணில் விடுவதை நிறுத்த வேண்டும். சோளத் தோகையோ நெல் உமியோ கீறிய கண்ணில் பூஞ்சைத் தொற்று வருவது விவசாயிகளிடம் சாதாரணம். அதில் ஸ்டீராய்டு விட்டால், வேகவேகமாகப் பரவிக் கருவிழியையே தின்றுவிடும்.

வலியோ தலைவலியோ இமைத் தொய்வோ அடிபட்ட வரலாறோ இல்லாமல், புதிதாக ஒரு கண்மணி மாறியிருக்கிறது என்றாலும், இரண்டொரு நாளுக்குள் கண் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். முந்தைய நாள் எந்தக் காட்டில் வேலை, என்ன செடியைத் தொட்டது, எந்தச் சொட்டு, எந்த நெபுலைசர் என்பதையெல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டு போனால் நல்லது. விரிந்த கண்ணில் பைலோகார்பின் சொட்டு ஊற்றிப் பார்ப்பார்கள். நரம்புக் கோளாறு என்றால் கண்மணி சுருங்கும். ஊமத்தை மாதிரி ஒன்று பட்டிருந்தால் அசையவே அசையாது. ஸ்கேன் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு அந்த ஒரு சொட்டே பெரும்பாலும் வழி சொல்லிவிடும்.

பரிசோதித்துவிட்டு, "இது உங்களுக்குப் பிறவிச் சுபாவம், ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று மருத்துவர் சொல்லிவிட்டால், எந்தக் கண் பெரியது என்று சீட்டில் எழுதித்தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஒரு படம் எடுத்துச் செல்போனில் வைத்துக்கொண்டு, வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். நாளைக்கே எங்காவது மயங்கி விழுந்து, அவசரப் பிரிவில் யாரோ ஒரு மருத்துவர் கண்ணில் டார்ச் அடிக்கும்போது, "இவருக்கு எப்பவுமே வலது கண்ணு கொஞ்சம் பெரிசுதாங்க சார்" என்று சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.